எங்க டிரைவருக்கு பிபி 192/118, வயசு 44 தான். நைரோபி வாழ்க்கைதான் காரணமா?

மொம்பாசா ரோடு

வணக்கம்ங்க எல்லாருக்கும். நான் நைரோபில ஒரு பிளாஸ்டிக் கம்பெனில மெயின்டெனன்ஸ் பாக்குறேன், வந்து ஆறு வருசம் ஆச்சு. போன வாரம் ஃபேக்டரில மெடிக்கல் கேம்ப் போட்டாங்க, ரெண்டு நர்ஸ், ஒரு மேசை, ஒரு பிபி மெஷின், அவ்வளவுதான். எங்க டிரைவர் நாலு வருசமா தினம் காலைல என்னைக் கூட்டிட்டுப் போறவருங்க, 44 வயசு, விக்டோரியா ஏரிப் பக்கம் சியாயா, லுவோ இனத்து ஆளு. ஒல்லி உடம்பு, சிகரெட் இல்ல, குடி இல்ல, ஞாயித்துக்கிழமை ஆனா சர்ச். வரிசைல எனக்கு முன்னாடி அவருதான் உக்காந்தாரு. மெஷின்ல 192/118. அந்த நர்ஸம்மா எதுவும் சொல்லல, பட்டையைக் கழட்டி மறு கைல கட்டிட்டு அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்கன்னு சொல்லிடுச்சு. அப்புறம் பாத்தா 188/116. அப்பதான் அந்தம்மா மொகம் மாறுச்சு.

அவரு சிரிச்சுட்டே "மவாசோ, பாஸ்"ன்னாரு. மவாசோன்னா சுவாஹிலில யோசனை, கவலை. இங்க ஜனங்க பிபிய "பிரெஷா"ன்னுதான் சொல்லுவாங்க, நம்மூர்ல பிரஷர்ங்கிற மாதிரியேதான். பிரெஷா யோசனையால வர்றதுன்னு இங்க எல்லாருமே நம்புறாங்க.

யோசனைக்கும் குறைச்சல் இல்லைங்க. காயோல்ல ஒத்தை ரூம்ல இருக்காரு, பொண்டாட்டி புள்ளைங்க மூணும் ஊர்ல. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு ரெண்டு மட்டாட்டு (இங்க ஓடுற ஷேர் வேன்) மாறி கம்பெனிக்கு வந்து வண்டி எடுக்கணும், ராத்திரி ஒன்பதரைக்கு ரூமுக்குப் போனா உண்டு. ஜனவரி வந்தா ஸ்கூல் ஃபீஸ், அம்மாவுக்கு மருந்து, அது போக போன்லயே கடன் குடுக்குற ஆப் ரெண்டுல வாங்கி வெச்சிருக்காரு. சிக்னல்ல நிக்கறப்ப டேஷ்போர்டு மேல அந்த போன் அதிரும். எடுக்க மாட்டாரு, கவுத்து வெப்பாரு. அந்த நேரம் தாடை மட்டும் இறுகும், பக்கத்துல உக்காந்து நாலு வருசமா பாத்துட்டு இருக்கேன், ஆனா அதை ஒரு வியாதியோட சேத்து யோசிச்சதே இல்லைங்க நானு.

எச்ஆர்ல கேட்டா "ஆப்பிரிக்கர்களுக்கு இது ரத்தத்துலயே இருக்குற விஷயம், விடு"ங்கறாங்க. எனக்கு மனசு ஒப்பல. இது ரத்தமா, உப்பா, இந்த ஊரா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஈசிஜி தாள்

மொதல்ல ஒண்ணு. அவருக்கு கடுமையான தலைவலி, கண்ணு மங்கல், மூச்சு வாங்கல், நெஞ்சுவலி, கை கால் மரத்துப்போறது இதுல எது இருந்தாலும் இன்னிக்கே ஆஸ்பத்திரி, இழைல பதில் வரட்டும்னு காத்திருக்காதீங்க. எதுவுமே இல்லன்னாலும் இந்த வாரத்துக்குள்ள டாக்டரைப் பாத்து மாத்திரை ஆரம்பிச்சாகணும். கூடவே யூரின், கிரியேட்டினின், ஒரு ஈசிஜி.

நான் மதுரைக்காரன், ஜாம்பியாவுல லுசாகால அஞ்சு வருசம் மெடிசின் வார்டு பாத்தவன். லுவோ ஆளு, சியாயா, நைரோபில வேலைன்னு நீங்க எழுதினதைப் படிச்சதும் நிமிந்து உக்காந்துட்டேன். இதே ஜனங்களை வெச்சு இதே கேள்விய ஏற்கனவே கேட்டிருக்காங்க. நீல் பூல்டர்னு ஒரு டாக்டரும் அவர் குழுவும் 1980கள்ல மேற்கு கென்யா கிராமங்கள்ல இருந்து நைரோபிக்குப் பொழப்பு தேடி வந்த லுவோ மக்களையும், ஊர்லயே தங்கிட்டவங்களையும் ரெண்டு வருசம் வரைக்கும் தொடர்ந்து பாத்தாங்க, 1990ல வெளியாச்சு. நகரத்துக்கு வந்தவங்களுக்கு பிபியோட மேல் அளவு, அதாவது மொதல்ல சொல்ற நம்பர், ஏறிடுச்சு, அதுவும் வருசக்கணக்கா ஆகல, வந்த கொஞ்ச மாசத்துலயே. யாரோ நாலு பேருக்கு எகிறி சராசரிய இழுத்ததுன்னும் சொல்ல முடியாது, கூட்டமே மொத்தமா மேல நகர்ந்திருக்கு. ஏற்கனவே பிபி உள்ளவங்கதான் ஊரை விட்டுக் கிளம்பினாங்களான்னும் பாத்தாங்க, அப்படி இல்ல.

கூட ரெண்டு விஷயம் மாறியிருந்துச்சு. யூரின்ல சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம் கூடிருச்சு, அதாவது உப்பு ஏறி காய் கிழங்கு பழம் குறைஞ்சிருக்கு. இன்னொண்ணு நாடித்துடிப்பு. சும்மா உக்காந்திருக்கும்போதே வேகமா அடிக்குது. உப்பு மட்டும்தான் காரணம்னா நாடி ஏன் வேகமாகணும்? உடம்பு எந்நேரமும் எதையோ எதிர்பாத்து விரைச்சுக்கிட்டு நிக்கிது, நம்மளைக் கேக்காமயே நாடிய ஓட்டுற தானியங்கி நரம்பு மண்டலம் முறுக்கேறிக் கிடக்குது. அதனால உங்க டிரைவர் சொன்ன மவாசோ வெறும் பேச்சு இல்ல.

இதுக்கும் அறுபது வருசம் முன்னாடி, 1929ல, டோனிசன்னு ஒரு காலனி கால டாக்டர் அதே ஏரிப் பக்கம் தெற்கு காவிரோண்டோல சுமார் ஆயிரம் பேருக்கு பிபி பாத்து எழுதியிருக்காரு. அங்க நாப்பது வயசுக்கு மேல பிபி ஏறவே இல்ல, இறங்கத்தான் செஞ்சுச்சு. ரெண்டு வருசத்துல அவர் ஆஸ்பத்திரிக்கு வந்த 1800 நோயாளில ஒருத்தருக்குக் கூட உயர் ரத்த அழுத்தம் இல்ல. ரத்தத்துலயே இருக்குதுன்னா அந்த மனுசங்க ரத்தம் என்ன வேற ரத்தமா?

வடபழனி

டாக்டர் சார், மரியாதையோட மாறுபடுறேன். அமெரிக்கால கருப்பின மக்களுக்கு வெள்ளைக்காரங்களை விட பிபி ஜாஸ்தின்னு எல்லா எடத்துலயும் படிக்கிறோம். அடிமைக் கப்பல்ல உப்பை உடம்புல தக்க வெச்சுக்க முடிஞ்சவங்கதான் பொழைச்சாங்க, அந்த ஜீன்தான் இன்னிக்கு எதிரா திரும்பிடுச்சுன்னு ஒரு விளக்கமும் இருக்கே? ஆப்பிரிக்கர்களுக்கு சில பிபி மாத்திரை சரியா வேலை செய்யாதுன்னு டாக்டருங்களே சொல்றீங்க. அப்ப உடம்புல எதோ வித்தியாசம் இருக்குன்னுதான அர்த்தம். எல்லாத்தையும் ஸ்ட்ரெஸ் மேல போட்டா எப்படி, டென்ஷன் யாருக்குத்தான் இல்ல, நான் தினம் ஓஎம்ஆர்ல ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டுறேன், எனக்கு 118/76.

எண்ணி எழுது

வடபழனி, அந்தக் கப்பல் கதை எனக்கும் ஒரு காலத்துல நம்புற மாதிரிதான் இருந்துச்சு. ஆனா அடிமை வணிகத்தோட வரலாற்றையே வாழ்நாள் முழுக்கப் படிச்ச பிலிப் கர்ட்டின் 1992லயே எழுதிட்டாரு, மேற்கு ஆப்பிரிக்காவுல உப்புப் பஞ்சம் இருந்துச்சுங்கிறதுக்கும் சரி, கப்பல்ல உப்பு இல்லாமதான் செத்தாங்கங்கிறதுக்கும் சரி, ஆதாரமே இல்லன்னு.

இதை விட நேரா பேசுற கணக்கு ஒண்ணு இருக்கு. ரிச்சர்ட் கூப்பரும் கூட இருந்தவங்களும் மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி மக்களையே மூணு எடத்துல ஒரே முறைல அளந்தாங்க, 1997ல வந்துச்சு. மேற்கு ஆப்பிரிக்காவுல உயர் ரத்த அழுத்தம் 16 சதவீதம். கரீபியன் தீவுகள்ல 26. சிகாகோ பக்கத்துல 33. ஒரே மூதாதையர், எடம் மாற மாற ரெட்டிப்பு. அப்புறம் 2005ல வெள்ளையர் நாடுகளையும் சேத்துப் பாத்தாங்க, ஜெர்மனி 55 சதவீதம், நைஜீரியா 13.5. ஜெர்மன்காரங்களுக்கு அது ரத்தத்துலயே இருக்குன்னு யாராவது சொல்றாங்களா? சொல்றது இல்ல, அவங்க சாப்பாடு, பீர், எடைன்னு பேசுவாங்க. ஆப்பிரிக்கர்னு வந்தா மட்டும் பேச்சு ஜீனுக்குத் தாவிடுது, எனக்கு அது ரொம்ப உறுத்துது.

மாத்திரை விஷயம் உண்மைதான். சராசரியா பாத்தா கருப்பின மக்கள்ல ரெனின், அதாவது பிபிய ஏத்தி விட சிறுநீரகம் சுரக்குற பொருள், குறைவா இருக்குறவங்க அதிகம், உப்பைச் சிறுநீரகம் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். அந்த உடம்பு சியாயா கிராமத்துல இருந்தப்ப பிபி ஏறல, நகரத்து உப்பும் நகரத்துப் பொழப்பும் வந்து சேந்தப்பதான் ஏறுது.

வடபழனி

ஜெர்மனி கணக்கு எனக்குத் தெரியாது, ஒத்துக்குறேன், நன்றி. ஆனா நகரம்னா உப்பு, எண்ணெய், எடை, நடை குறைவு எல்லாம் ஒண்ணா வருது. அதுல ஸ்ட்ரெஸ்ஸை மட்டும் எப்படிப் பிரிச்செடுப்பீங்க? நாடி வேகமா இருந்துச்சுங்கிறது ஒரு தடயம், அவ்வளவுதான். உங்களுக்கு டென்ஷன் இருக்கான்னு கேட்டா எல்லாருமே ஆமாம்னுதான சொல்லுவாங்க.

சாக்பீஸ்

இந்தக் கேள்வி சரியான கேள்வி. நான் ஃபிசியாலஜி பாடம் எடுக்குறவ, இதைப் பத்தி ஒரு ஆய்வை என் பசங்களுக்கு வருசா வருசம் சொல்லுவேன். தென்னாப்பிரிக்காவுல நார்த் வெஸ்ட் பல்கலைக்கழகம், போச்செஃப்ஸ்ட்ரூம்னு ஒரு ஊரு, லியோனே மலான் தலைமைல 2008, 2009ல நடந்துச்சு, சுருக்கமா சாப்பான்னு சொல்லுவாங்க. 409 பேரு, அத்தனை பேரும் ஸ்கூல் டீச்சர்ஸ், ஏறக்குறைய பாதி கருப்பினம் பாதி வெள்ளையர். ஏன் டீச்சர்ஸ்னா, சம்பளம் படிப்பு ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஏழை பணக்காரன்ங்கிற வித்தியாசம் வந்து கணக்கைக் குழப்பாது.

எப்படி அளந்தாங்கங்கிறதுலதான் விஷயமே. வேலை நாள்ல காலைல ஸ்கூலுக்கே போய் கைல 24 மணி நேர பிபி மெஷினைக் கட்டி விட்டுட்டாங்க. பட்டை அரை மணிக்கு ஒரு தடவை தானா இறுகி அளக்கும், அப்ப அவங்க கிளாஸ்ல நின்னு பாடம் எடுத்துட்டு இருப்பாங்க, இல்ல ஸ்டாஃப் ரூம்ல நோட்டு திருத்திட்டு இருப்பாங்க. சாயந்தரம் பல்கலைக்கழகத்துக்குக் கூட்டிட்டு வந்து ராத்திரி அங்கயே தங்க வெச்சாங்க. தூக்கத்துலயும் மணிக்கு ஒரு தடவை அளவு. மறுநாள் ஒரு சின்ன சோதனை, சிவப்புன்னு எழுதியிருக்கும் ஆனா பச்சை மையில இருக்கும், எழுத்தை விட்டுட்டு நிறத்தை வேகமா சொல்லணும். அந்த ஒரு நிமிஷத்துல ஹார்ட்டும் ரத்தக் குழாயும் என்ன பண்ணுதுன்னு பதிவு பண்ணாங்க.

அதுல வந்த விஷயம் எனக்கு மனசுல ஆணி அடிச்ச மாதிரி நிக்குது. நகரத்துக் கருப்பின ஆண்கள்ல "நான் சமாளிச்சுடுவேன், எல்லாம் என் கைல இருக்கு"ன்னு எழுதிக் குடுத்தவங்களுக்குத்தான் பிபி அதிகம், ரத்தக் குழாய்தான் அதிகமா இறுகுச்சு. வாய் சமாளிக்கிறேன்னு சொல்லுது, உடம்பு முடியலன்னு சொல்லுது. கிராமத்துல பிரச்சனைன்னா சொந்தம், பெரியவங்க, பங்காளிங்கன்னு பத்து தோள் இருந்துச்சு. டவுன்ல அதே மனுசன் தனியா பல்லைக் கடிச்சுட்டு நிக்கணும். பாஸ் முன்னாடி சிரிச்சுட்டே மவாசோன்னு சொன்ன உங்க டிரைவர் எனக்கு அந்த ஆய்வுல இருந்து எந்திரிச்சு வந்த ஆளாத்தான் தெரியறாரு.

ராத்திரி அளவையும் மறந்துடக் கூடாது. ஆரோக்கியமான உடம்புல தூங்கும்போது பிபி பத்து சதவீதத்துக்கு மேல இறங்கும். அங்கதான் ஹார்ட்டுக்கு ஓய்வு. நாலு மணிக்கு எந்திரிக்கிறவருக்கு அந்த ஓய்வு நேரமே குறைவு.

எண்ணி எழுது

சாக்பீஸ் மேடம், நல்லா சொன்னீங்க, நானும் அதே பக்கம்தான், ஆனா வடபழனிக்கு நியாயமா ஒண்ணு சொல்லிடணும். 409 பேருங்கிறது பெரிய எண்ணிக்கை இல்ல. அதுல ஆண், பெண், கருப்பு, வெள்ளை, சமாளிக்கிற விதம்னு பிரிச்சுட்டே போனா ஒவ்வொரு கட்டத்துலயும் கொஞ்சம் பேர்தான் மிச்சம். திசையைக் காட்டுது, அளவை அதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது.

பெரிய எண்ணிக்கைக்கு இன்டர்ஹார்ட்னு ஒரு ஹார்ட் அட்டாக் ஆய்வு இருக்கு, 52 நாடு, 2004. வேலைல எந்நேரமும் ஸ்ட்ரெஸ்னு சொன்னவங்களுக்கு ஹார்ட் அட்டாக் வாய்ப்பு ரெண்டு மடங்குக்கும் மேல. இதுலயும் ஓட்டை இருக்கு, அட்டாக் வந்து படுத்திருக்கிறவர்கிட்ட போய் கேட்டா பழசை எல்லாம் கஷ்டமாத்தான் ஞாபகம் வரும். ஆனா அதோட ஆப்பிரிக்கப் பகுதிய தனியா 2005ல வெளியிட்டாங்க, ஒன்பது நாடு, மொதல் அட்டாக் வந்த 578 பேரு. கருப்பின ஆப்பிரிக்கர்கள்ல உயர் ரத்த அழுத்தம் இருந்தா அட்டாக் வாய்ப்பு சுமார் ஏழு மடங்கு. ஏழு! மத்த எடத்துல எல்லாம் ரெண்டு மூணுன்னு போறது. அதாவது ஸ்ட்ரெஸ் நேரா ஹார்ட்டைத் தாக்குதான்னு நாம சண்டை போட்டுக்கலாம், ஆனா அது பிபி வழியா வந்துச்சுன்னா அந்த வழி அங்க ரொம்ப செங்குத்தா இருக்கு.

வடபழனி

இப்படி ஓட்டையையும் சேத்துச் சொன்னா நான் கேட்டுக்குறேன். தொடருங்க.

பனைவெளி

வணக்கம். நான் லண்டன்ல ஒரு ஆஸ்பத்திரியில இதய வார்ட்டில நேர்ஸா இருக்கிறன், சொந்த இடம் சாவகச்சேரி. ரெண்டு நாளா இந்த இழையை வாசிச்சுக்கொண்டு வாறன், எழுதாமல் இருக்கேலாமல் போச்சு.

எங்கட வார்ட்டுக்கு கானாக்காரர், நைஜீரியாக்காரர் நிறையப் பேர் வருவினம். கானா ஆக்களை வைச்சு ரோடாம் எண்டொரு ஆய்வு நடந்தது, 2012 தொடக்கம் 2015 வரை, கானாவில கிராமம், கானாவில நகரம், பிறகு ஆம்ஸ்டர்டாம், பெர்லின், லண்டன். கிராமத்தில பிரஷர் குறைவு, நகரத்தில கூட, ஐரோப்பாவில அதை விடக் கூட. அண்ணை ஒராள் மேல எழுதின லுவோ கதையை இன்னும் நீட்டி விட்ட மாதிரித்தான். அக்ராவுக்கு வந்தவரும் லண்டனுக்கு வந்தவரும் ஒரே றோட்டிலதான் போறினம்.

போன மாரியில ஒரு கானாக்கார அம்மா வந்தவ, ஐம்பத்தொரு வயசு, ஒபிஸ் துப்புரவு வேலை, இரவு ஒண்டு பகல் ஒண்டு எண்டு ரெண்டு இடம். கால் ரெண்டும் வீங்கி சப்பாத்து போடேலாமல் செருப்போட வந்தவ. படுத்தால் மூச்சு முட்டும், மூண்டு தலையணை வைச்சு இருந்தபடிதான் நித்திரை. பைக்குள்ள பிரஷர் குளிசைப் பெட்டி இருந்தது, பாதி முடியேல்ல. "தலையிடிச்சா மட்டும் போடுவன்" எண்டு சொன்னா. நான் அவவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன், எங்கட அம்மாவும் அப்பிடித்தானே போட்டவ. தலையிடி வராட்டி பிரஷர் இல்லை எண்டு நினைக்கிறது கானாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொதுவாத்தான் கிடக்குது. ஊருக்குக் காசு அனுப்பிறதைப் பற்றித்தான் கூடக் கதைச்சா, தன்ர இதயத்தைப் பற்றிக் கதைக்கவே இல்லை.

என்னோட வேலை செய்யிற சிம்பாப்வே அக்கா ஒரு சொல்லுச் சொல்லுவா, "குஃபுங்கிசிசா". ஷோனா மொழியில, கனக்க யோசிக்கிறது எண்டு அர்த்தம். கென்யா அண்ணையின்ர மவாசோவும் அதுதானே. ஹராரேயில டொக்டர் டிக்சன் சிபாண்டா எண்டவர் 2006ல தொடங்கினவர், கிளினிக் வளவுக்குள்ள ஒரு மர வாங்கு, பெஞ்சு எண்டு சொல்லுவினமே, அதில பயிற்சி எடுத்த பாட்டிமார் இருந்து வாறவையின்ர கதையைக் கேப்பினம். 2016ல சோதிச்சுப் பாத்து மனச்சோர்வு நல்லாக் குறைஞ்சது எண்டு வெளியிட்டவை. பிரஷரைக் குறைச்சது எண்டு நான் சொல்லேல்ல, அது அதுக்காகச் செய்தது இல்லை. ஆனா குளிசையை ஒழுங்காப் போட ஒரு மனுசருக்கு முதல்ல மனம் கொஞ்சம் லேசாக வேணும், அதை நான் தினமும் பாக்கிறன்.

ஈசிஜி தாள்

பனைவெளி சகோதரி, அந்த மூணு தலையணை. லுசாகா வார்டுல நான் பாத்ததும் அதேதான். நம்மூர்ல ஹார்ட் வியாதின்னா உடனே அடைப்பு, ஆஞ்சியோ, ஸ்டென்ட்டுன்னு மனசு ஓடும். அங்க கதை வேற. வருசக்கணக்கா பிபிக்கு எதிரா பம்ப் பண்ணிப் பண்ணி ஹார்ட் சுவர் தடிச்சுடும், ஜிம்முக்குப் போன தசை மாதிரி, ஆனா இது விரிஞ்சு குடுக்காத தசை. கடைசில தளந்து போயிடும். அப்ப நுரையீரல்ல தண்ணி, கால்ல வீக்கம்.

தென்னாப்பிரிக்காவுல சோவெட்டோல கிறிஸ் ஹானி பாரக்வனாத் ஆஸ்பத்திரில கேரன் ஸ்லிவாவும் சைமன் ஸ்டூவர்ட்டும் 2006 ஒரு வருசம் முழுக்க வந்த ஹார்ட் நோயாளிகளைப் பதிவு பண்ணாங்க. புதுசா கண்டுபிடிச்சது 1593 பேரு. அதுல நூத்துக்கு 44 பேருக்கு ஹார்ட் ஃபெயிலியர்தான் முதல் நோய். நூத்துக்கு 56 பேருக்கு உயர் ரத்த அழுத்தம். கருப்பின நோயாளிகள்ல ரத்தக் குழாய் அடைப்பு வெறும் 6 சதவீதம், மத்தவங்கள்ல 38. பாதிக்கு மேல பெண்கள், கால்வாசிப் பேருக்கு நாப்பது வயசு கூட ஆகல.

அதுக்கப்புறம் ஒன்பது ஆப்பிரிக்க நாட்டு ஆஸ்பத்திரிகளைச் சேத்து ஆல்பர்டினோ டமசேனோ குழு 2012ல வெளியிட்டது, திடீர்னு ஹார்ட் ஃபெயிலியரோட வந்த 1006 பேரு. சராசரி வயசு 52. காரணத்துல பிபி மட்டும் 45 சதவீதம். ஆறு மாசத்துக்குள்ள ஏறக்குறைய ஆறுல ஒருத்தர் உயிரோட இல்ல. ஐரோப்பாவுல இந்த வியாதி எழுபது தாண்டினவங்களுக்கு வர்றது, ஆப்பிரிக்காவுல புள்ளை ஸ்கூல்ல படிக்கும்போதே அப்பனையோ அம்மாவையோ தூக்கிடுது. எழுதும்போதே எனக்குக் கை நடுங்குது, ஏன்னா இதுல பெரும்பகுதி ஒரு பட்டையும் விலை குறைஞ்ச மாத்திரையும் சரியான நேரத்துல கிடைச்சிருந்தா வந்திருக்காது.

மொம்பாசா ரோடு

எல்லாருக்கும் நன்றிங்க. வியாழக்கிழமை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஈசிஜில இடது பக்கம் தடிச்சிருக்குன்னு சொல்லிட்டாரு, நீங்க எழுதினதேதான். கிட்னி நல்லா இருக்கு. ஆம்லோடிபினும், கூட தண்ணி இறக்குற மாத்திரையும் குடுத்திருக்காரு. நெட்ல பாத்தா வேற மாத்திரைதான் மொதல்ல போட்டிருக்கு, இது சரிதானுங்களா?

சாப்பாடும் கவனிச்சேன். ஊர்ல உகாலி (மக்காச்சோள மாவுக் களி), கீரை, ஏரி மீனு. இங்க மத்தியானம் சிப்ஸு, சாயந்தரம் தள்ளுவண்டில ஸ்மோக்கி சாசேஜ், அதுக்கு மேல உப்பைத் தூவித்தான் குடுப்பாங்க, ராத்திரி ரூம்ல எது சமைச்சாலும் மசாலா க்யூப் ஒண்ணு. அவரு உப்பே கம்மியாதான் போடுவேன்னாரு, க்யூப்ல இருக்குறது உப்புதான்னு அவருக்குத் தெரியாதுங்க, எனக்கும் இவ்வளவு இருக்கும்னு தெரியாது.

ஈசிஜி தாள்

சரியான மாத்திரைதான். 2019ல க்ரியோல்னு ஒரு சோதனை வந்துச்சு, நைஜீரியாவுல அபுஜால இருக்குற டைக் ஓஜி தலைமைல, கென்யாவும் சேத்து ஆறு நாடு, 728 கருப்பின நோயாளிங்க. ஆப்பிரிக்க டாக்டருங்களே ஆப்பிரிக்க நோயாளிங்களை வெச்சு நடத்தினது, அதுவே பெரிய விஷயம். மாத்திரைகளை ரெண்டு ரெண்டா ஜோடி சேத்துக் குடுத்துப் பாத்தாங்க, ஆம்லோடிபின் சேந்த ரெண்டு ஜோடியும் அது சேராத ஜோடிய விட பிபிய நல்லா குறைச்சுச்சு. உங்க டாக்டர் குடுத்தது அதுல ஒண்ணு. கால் லேசா வீங்கினா பயந்து நிறுத்திடாம டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க.

க்யூப் விஷயத்துல தனி மனுசனைக் குத்தம் சொல்லி ஒண்ணும் ஆகாது. தென்னாப்பிரிக்கா சட்டமே போட்டுச்சு, 2013ல அறிவிச்சு 2016 ஜூன்ல அமலுக்கு வந்துச்சு, பிரெட்ல 100 கிராமுக்கு சோடியம் 400 மில்லிகிராம் தாண்டக் கூடாது, 2019ல 380ன்னு இறக்கினாங்க. சூப் பொடி, க்யூப், சிப்ஸ் எல்லாத்துக்கும் வரம்பு. சோவெட்டோல பிரெட் வாங்குற பாட்டி எதையும் மாத்திக்காமயே உப்பு குறையும். ஒவ்வொரு நாடும் இதைச் செய்யணும், நம்ம நாட்டையும் சேத்துத்தான் சொல்றேன்.

மருந்து தீந்து போறதுதான் அடுத்த கண்ணி. மாசம் ஒரு நாள் லீவு போட்டு கியூல நிக்க முடியாம விட்டுடுவாங்க. தென்னாப்பிரிக்காவுலயே 2014ல இருந்து, நோய் கட்டுக்குள்ள நிலையா இருக்குற நோயாளிங்க வீட்டுப் பக்கத்துல ஒரு எடத்துல மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கிற ஏற்பாடு இருக்கு, எச்ஐவி மருந்துக்கும் பிபி மருந்துக்கும் ஒரே வழி. உங்களால முடிஞ்சா ஒரே தடவைல மூணு மாசத்துக்கு வாங்கிக் குடுத்துடுங்க.

சாக்பீஸ்

மொம்பாசா ரோடு சார், மாத்திரை, உப்பு சரி. அந்த நாலு மணியையும் போனையும் என்ன பண்ணப் போறீங்க? அதை யாரும் பேசலையே.

மொம்பாசா ரோடு

அஞ்சு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்ங்க. சாக்பீஸ் மேடம் கேட்ட கேள்வி ரெண்டு நாள் தூங்க விடல. ஏன்னா அவரு நாலு மணிக்கு எந்திரிக்கிறது எனக்காகத்தாங்க, ஆறே காலுக்கு நான் கிளம்பணும்னு. மேனேஜர்கிட்ட பேசினேன். ராத்திரி கம்பெனி வண்டிய அவரே காயோலுக்கு எடுத்துட்டுப் போய் காவல் இருக்குற எடத்துல நிறுத்திக்கலாம்னு கையெழுத்து வாங்கினேன், மட்டாட்டு மிச்சம், காலைல ஒண்ணரை மணி நேரம் கூட தூக்கம். போன் கடன் ரெண்டையும் கம்பெனி சொசைட்டில இருந்து ஒரே கடனா மாத்திக் குடுத்தாச்சு, சம்பளத்துல புடிச்சுக்குவாங்க. இப்ப டேஷ்போர்டுல போன் நிமிந்துதான் கெடக்குது, நேத்து சிக்னல்ல அவரு மக கூப்பிட்டுச்சு, ஓரமா நிறுத்தி எடுத்துப் பேசினாரு.

பிபி இந்த வாரம் 146/92.

வடபழனி

படிக்கவே சந்தோஷமா இருக்கு ப்ரோ. ஆனா டாக்டர் சார், இது மாத்திரையால குறைஞ்சுதா தூக்கத்தாலயா?

ஈசிஜி தாள்

பெரும்பங்கு மாத்திரைதான். இவ்வளவு இறக்கம் தூக்கத்தால மட்டும் வராது, அப்படிச் சொன்னா நாளைக்கு யாராவது மாத்திரைய நிறுத்திட்டு தூங்கப் போயிடுவாங்க. ஆனா அவரு அஞ்சு வாரமா ஒரு நாள் விடாம மாத்திரை போட்டிருக்காருல்ல, அதுல இந்தத் தூக்கத்துக்கும் கடன் தீந்ததுக்கும் பங்கு இருக்குன்னு நான் நம்புறேன்.

146 போதாது, 130க்குப் பக்கத்துல கொண்டு வரணும். வீட்டுல அளக்க மெஷின் வாங்குங்க, மேல் கைல கட்டுறது, மணிக்கட்டு மெஷின் வேணாம். காலைல மாத்திரைக்கு முன்னாடி, ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, முதுகு சாஞ்சு, கால் தரைல வெச்சு அஞ்சு நிமிஷம் பேசாம உக்காந்து ரெண்டு தடவை. சாயந்தரம் ரெண்டு தடவை. ஏழு நாள் எழுதி, மொத நாளைத் தள்ளிட்டு சராசரி எடுங்க.

பனைவெளி

அண்ணை, பட்டையின்ர அளவையும் பாருங்கோ, மெல்லிய கைக்குப் பெரிய பட்டை கட்டினா குறைச்சுக் காட்டும். அவற்ற மனுசிக்கும் ஒருக்கா பாருங்கோ, ஊருக்குப் போகேக்க.

மொம்பாசா ரோடு

சரிங்க. மெஷின் நேத்தே வாங்கிட்டேன், சின்னப் பட்டையும் சேத்து. ஷெட்டுல மத்த டிரைவருங்க பதினோரு பேரு இருக்காங்க, இவரே பட்டையக் கைல எடுத்துட்டுப் போய் ஒவ்வொருத்தரா உக்கார வெச்சாரு, பேசாதீங்க, கால மடக்காதீங்கன்னு அந்த நர்ஸம்மா மாதிரியே. நாலு பேருக்கு 140க்கு மேல, அதுல ஒரு பையனுக்கு 29 வயசுதான். திங்கக்கிழமை நாலு பேரையும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறோம்ங்க, அந்தப் பையனோட அளவு 164/104, தலைவலி எதுவும் இல்லைங்கறான்.

ஈசிஜி தாள்

29 வயசுல அந்த அளவுன்னா கிட்னி, ரெனல் ஆர்ட்டரி (கிட்னிக்குப் போற ரத்தக் குழாய்), தைராய்டு மாதிரி வேற காரணம் இருக்கான்னு கண்டிப்பா பாக்கச் சொல்லுங்க. யூரின்ல புரோட்டீன், கிரியேட்டினின், பொட்டாசியம் மூணும் எடுத்துட்டு ரிப்போர்ட்டை இங்க போடுங்க.